பாய்மரத்தின் காவல்

பாய்க்கப்பலைப் பார்ப்பவர்களின் கண் முதலில் பாயின் மீது செல்வது இயல்பு. ஆயினும் காற்றின் விசையைப் பாயிலிருந்தும் மரத்திலிருந்தும் வாங்கிக் கப்பலின் உடலிடம் ஒப்படைப்பவை, மரத்தின் இரு பக்கங்களிலும் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டப்பட்டு, பிரயாணம் தொடங்கிய நாள் முதல் முடியும் நாள் வரையில் தம் இடத்தைவிட்டு அசையாமல் நிற்கும் நிலைக்கயிறுகளே. பாயை ஏற்றவும் இறக்கவும் பயன்படும் ஓடுகயிறு ஒன்று அறுந்தால் ஒரு பாயின் உபயோகம் சற்று நேரம் கெடும். நிலைக்கயிறு ஒன்று அறுந்தால் மரமே சாய்ந்து, மனிதர்களின் உயிருக்கும் நாசம் விளையக்கூடும். ஆகவே இக்கயிறுகளில் தேய்வும் அரிப்பும் எங்கே தொடங்குகின்றன என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கலை, கப்பலோட்டும் கலையின் பிரிக்க முடியாத ஓர் அங்கமாயிற்று. ஐரோப்பியக் கப்பல்களில் கடந்த மூன்று நூற்றாண்டுகளாக அந்தக் கலை அடைந்து வந்த மாறுதல்களை ஆராய்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது: கயிற்றுக்கென்று வந்த ஒவ்வொரு புதிய பொருளும் முந்தியதன் குறையைத் தீர்ப்பதாக வந்தது, அதே சமயத்தில் தனக்கே உரிய க்ஷயத்தையும் உடன் கொண்டு வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்படைக் கப்பல்களைத் தாங்கி நின்றது, கஞ்சாச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஐரோப்பியச் சணலின் நார். ரீகா, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் முதலிய பால்டிக் துறைமுகங்களிலிருந்து வந்து இறங்கிய அந்த நாரை, 1618-ஆம் ஆண்டு முதல் கயிறு திரிக்கும் தொழில் நடைபெற்று வந்த சாத்தம் கப்பல்கட்டும் துறை போன்ற இடங்களில், ஏறத்தாழ 346 மீட்டர் நீளமுள்ள கூடங்களில் இழைகளாக நீட்டி, சுடுதாரில் தோய்த்துப் புரியாக முறுக்கினார்கள். சுவீடனிலும் பின்லாந்திலும் பைன் மரத்தின் வேர்களையும் கட்டைகளையும் மெல்ல எரித்து வடித்தெடுத்த தார், கயிற்றின் பலத்தில் ஒரு பங்கைக் குறைப்பது உண்மையே. எனினும், தார் காணாத வெள்ளைக் கயிறு கடலின் ஈரத்தில் விரைவில் மக்கிப்போகும் என்பதை அறிந்திருந்த அவர்கள், முதல் நாளின் வலிமையைவிடப் பல ஆண்டுகளின் ஆயுளே மேலானது என்று தேர்ந்துகொண்டார்கள். இந்த நாரை இங்கிலாந்து எவ்வளவு நம்பியிருந்தது என்பதற்கு ஒரு சாட்சி நம் தேசத்திலேயே உண்டு. நெப்போலியன் காலத்து யுத்தங்களால் பால்டிக் வியாபாரத்துக்கு இடையூறு நேருமோ என்ற அச்சம் எழுந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியரான தாவர சாஸ்திரி வில்லியம் ராக்ஸ்பர்க், இன்று நம் வயல்களில் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கப்படும் சணப்பு உள்ளிட்ட இந்திய நார்களின் பலத்தை ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்த்தார்.

சணல் கயிற்றைக் காப்பாற்றும் முறை மிகவும் விரிவானது. புரிகளுக்கு இடையேயுள்ள பள்ளங்களில் மெல்லிய கயிற்றை ஓட்டி நிரப்புவார்கள். அதன்மேல் தார் பூசிய பழைய பாய்த்துணியைச் சுற்றுவார்கள். அந்தத் துணிக்கும் மேலே சிறுகயிற்றை, மரச் சுத்தி போன்ற ஒரு கருவியால் இறுக்கி இறுக்கி, முறுக்குக்கு எதிர்த்திசையில் நெருக்கமாகச் சுற்றி முடிப்பார்கள். மழைநீரும் கடல்நீரும் உள்ளே புகாமல் தடுப்பதற்கென்று இட்ட இந்தக் கவசமே, எங்கேனும் ஓரிடத்தில் பிளந்து நீருக்கு வழிவிட்டால், புகுந்த நீரை வெளியேற விடாமல் சிறைப்பிடிக்கவும் செய்தது. கரையான் அரித்த உத்தரத்தைப் போல, மேற்புறம் கறுத்துப் பளபளத்து நிற்கையிலேயே உட்புறம் பொடியாகிப் போன கயிறுகள் உண்டு. ஆதலால் அனுபவமுள்ள மாலுமி மேற்பூச்சின் அழகை நம்பாமல், சந்தேகமுள்ள இடத்தில் கவசத்தை நீக்கி, கூரிய இரும்பு முள்ளால் புரிகளைப் பிளந்து பார்ப்பான். உள்ளேயுள்ள நார் பழுப்பு நிறத்தோடும் தாரின் மணத்தோடும் இருந்தால் நல்லது. சாம்பல் நிறமாகி, விரலிடையில் தேய்த்தால் துகளாக உதிர்ந்தால், அந்தக் கயிற்றின் காலம் முடிந்தது. மரத்தின் உச்சியில் கயிறு வளைந்து அமரும் இடத்திலும், பாய்தாங்கும் குறுக்குமரம் உரசும் இடத்திலும் தேய்வு அதிகமாகையால், அங்கெல்லாம் தோலும் பின்னல் பாயும் கட்டிவைத்து, அவற்றின் நிலையையும் அடிக்கடி பார்த்து வந்தார்கள்.

கயிற்றின் மீது இவ்வளவு கவனம் செலுத்திய அந்தக் காலத்திலும், கயிறு முடிந்து இரும்பு தொடங்கும் இடத்தில் ஆபத்து காத்திருந்தது என்பதற்கு வேஜர் என்ற கப்பலின் சரித்திரம் உதாரணம். ஆன்சன் தளபதியின் கப்பற்படையைச் சேர்ந்த வேஜர், 1741-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹார்ன் முனையின் கொந்தளிப்போடு போராடிக்கொண்டிருந்தபோது, தன் பின்மரத்தை இழந்தது. அந்த வேளையில் அந்த மரத்தில் ஒரு பாய்கூட விரிக்கப்பட்டிருக்கவில்லை என்பதுதான் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விஷயம். கப்பல் ஒருமுறை உருண்டு சாய்ந்ததில், காற்று வீசிய பக்கத்தில் பக்கக்கயிறுகளின் அடிமுனையைக் கப்பலின் விலாவோடு பிணைத்திருந்த இரும்புத் தகடுகள் யாவும் முறிந்தன என்று அதில் பணியாற்றிய பீரங்கிப் பிரிவு அதிகாரி ஜான் பல்க்லி பதிவு செய்திருக்கிறார். மரத்தைச் சாய்ப்பது காற்று மாத்திரம் அன்று. அலைமீது ஆடும் கப்பலில் மரத்தின் சுமையே ஒவ்வோர் ஆட்டத்திலும் கயிற்றையும் அதன் பிணைப்பையும் சுண்டி இழுக்கிறது. பின்மரத்தை இழந்து தளர்ந்த வேஜர், அடுத்த மாதமே படகோனியாவின் கரையோரத் தீவு ஒன்றில் மோதி உடைந்தது.

1834-ஆம் ஆண்டு இந்தச் சரித்திரத்தில் ஒரு திருப்பம். அவ்வாண்டு ஆகஸ்ட்டில், ஹார்வர்டில் பயின்றுகொண்டிருந்த ரிச்சர்ட் ஹென்றி டேனா என்ற இளைஞர் சாதாரண மாலுமியாக பில்கிரிம் என்ற கப்பலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். கடலில் கப்பலுக்கு ஓய்வே இல்லை என்றும், ஒரு கயிற்றை இறுக்கினால் அதற்கு எதிரேயுள்ள கயிற்றைத் தளர்த்தியாக வேண்டும் என்றும், நீண்ட பிரயாணத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாலுமிகள் உச்சியிலிருந்து தொங்கியபடியே நிலைக்கயிறு முழுவதற்கும் தார் பூசுவது வழக்கம் என்றும் அவர் பிற்பாடு எழுதிய நூல், சணல் காலத்துப் பராமரிப்புக்கு ஓர் ஒப்பற்ற சாசனம். அப்படித் தார்ச்சட்டியும் கையுமாக அங்குலம் அங்குலமாக இறங்கி வருபவனுக்கு, கயிற்றைத் தொடாமல் விடும் இடம் எதுவுமே இல்லை. பராமரிப்பும் பரிசோதனையும் அவனுடைய கையில் ஒரே காரியமாக இருந்தன.

அதே ஆண்டு ஜூலையில், கடலுக்குத் தொலைவிலுள்ள ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப் பிரதேசத்தில், கிளவுஸ்தால் நகரத்துச் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட், நான்கு நான்கு இரும்புக் கம்பிகளாலான மூன்று புரிகளை முறுக்கிய கம்பிவடத்தை, ஏறத்தாழ 480 மீட்டர் ஆழமுள்ள ஒரு சுரங்கத்தில் முதன்முதலாகப் பிரயோகித்தார். அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஸ்மித்தும், 1840-இல் ராபர்ட் நியூவாலும் கம்பிவடத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். கம்பிவடம் சுரங்கத்திலிருந்து கப்பலுக்கு ஏறியது. சணலைவிட மெல்லியதாகவும் காற்றுக்குக் குறைந்த தடையாகவும் இருந்த அது, ஈரத்தில் சுருங்குவதும் வெயிலில் தளர்வதும் ஆகிய தொல்லைகளை ஒழித்தது. ஆனால் சணலின் நோய் மக்குதல் என்றால், இரும்பின் நோய் துரு. நடுவில் வைத்த சணல் திரியை எண்ணெயும் தாரும் ஊட்டிப் பாதுகாத்தாலும், திரி உலர்ந்தபின் துரு உள்ளிருந்தே தொடங்கக்கூடும். புரிகளைப் பிளந்து பார்க்கும் பழைய சுலபமும் கம்பியில் இல்லை. 1837-இல் பிரான்சு தேசத்து சோரல் காப்புரிமை பெற்ற துத்தநாகப் பூச்சு இதற்கு ஓரளவு பரிகாரமாயிற்று. துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது. இந்தத் தியாகம் நடந்துகொண்டிருக்கும் வரையில் வெண்மையான பொடி தோன்றும். துத்தநாகம் தீர்ந்ததும் செந்துரு தலைகாட்டும். நிறத்தைப் படிப்பதும், கயிற்றின் நீளம் முழுவதும் ஒரு பழந்துணியை ஓட்டி, அது சிக்கும் இடத்தில் முறிந்த கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டறிவதும் புதிய காலத்துப் பரிசோதனையாயின.

மூன்றாவது மாறுதல் எவர்சில்வர் என்று நாம் அன்றாடம் அழைக்கும் துருப்பிடிக்காத எஃகினால் வந்தது. 1912-இல் ஜெர்மனியின் க்ருப் ஆலையில் குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகு உருவாயிற்று. 1913-இல், துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாரி பிரியர்லி, ஷெஃபீல்டில் குரோமிய எஃகைக் கண்டார். இன்றைய உல்லாசப் படகுகளில், பத்தொன்பது கம்பிகளை ஒரே புரியாக முறுக்கிய எவர்சில்வர் வடமே பெரும்பாலும் மரத்தைத் தாங்குகிறது. இந்த எஃகின் மேற்பரப்பில் காற்றிலுள்ள பிராணவாயுவால் உண்டாகும் மிக மெல்லிய குரோமிய ஆக்ஸைடுப் படலமே அதன் கவசம். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் படலம் மீண்டும் உருவாகிவிடுகிறது. ஆகவே காற்று புகாத இடத்தில் அந்தக் கவசம் நிலைக்காது என்பதும் உடன்விளைவு. உப்புநீர் தேங்கிப் பிராணவாயு வற்றிப்போன குறுகிய இடுக்குகளில், வெளியே பளபளப்புக் குன்றாமலே, எஃகு உள்ளே குழிந்தும் வெடித்தும் போகிறது.

அத்தகைய இடுக்குகள் எவை என்று தெரிந்துவிட்டால் பரிசோதகனின் பாதை தெளிவாகிவிடும். வடத்தின் முனையைக் குழல் போன்ற எஃகுப் பூணுக்குள் செருகி மிகுந்த அழுத்தத்தில் இறுக்கும் முறை இன்று வழக்கில் உள்ளது. கீழ்முனையில் இருக்கும் பூண் வாயை மேல்நோக்கி வைத்திருப்பதால், வடத்தின் வழியே வழிந்துவரும் உப்புநீர் அதற்குள் இறங்குகிறது. வெயிலில் நீர் வற்ற, உப்பு தங்கி நாளுக்கு நாள் செறிவடைகிறது. வெப்பக் கடல்களில் ஓடும் படகுகளுக்கு இந்தத் துன்பம் இன்னும் அதிகம். பூணின் மேலே தலைமயிர் போன்ற வெடிப்பு ஓடுகிறதா, அதன் வாயிலிருந்து பழுப்புக் கறை வழிகிறதா, பூணுக்குள் வடம் நுழையும் இடத்தில் ஒரு கம்பியேனும் முறிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். ஐயமுள்ள இடத்தில் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு, அதன்மேல் வெண்ணிறப் பொடியைத் தெளித்தால், வெடிப்புக்குள் ஒளிந்திருந்த சாயம் வெளியே கசிந்து கோடாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வடத்தின் இழுவை முழுவதையும் தாங்கும் தகடு மேல்தளத்தை ஊடுருவி இறங்குமிடமோ, கழற்றிப் பார்த்தாலொழியக் கண்ணுக்கே படாதது. தளத்துக்குள் நீர் கசிந்த அடையாளம் இருந்தால் அந்தத் தகட்டைக் கழற்றாமல் விடுவது கூடாது. பத்தொன்பதில் ஒரு கம்பி முறிந்திருப்பினும், எஞ்சிய பதினெட்டும் அதே சோர்வை அனுபவித்தவையே என்று கருதி, வடத்தை முழுமையாக மாற்றுவதே விவேகம். கண்ணுக்குக் குறை தெரியாவிட்டாலும், சுமார் பத்து ஆண்டுகள் கடந்த வடங்களை மாற்றும்படி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பல வற்புறுத்துவதற்குக் காரணமும் இதுவே: இந்தப் பொருளின் விஷயத்தில் கண்ணின் சாட்சியம் போதாமையால், காலக்கணக்கும் ஒரு சாட்சியாக அழைக்கப்படுகிறது.

இப்போது சரித்திரம் நாரை நோக்கி மறுபடியும் திரும்பிக்கொண்டிருக்கிறது. நெதர்லாந்தில் உருவான டைனீமா போன்ற செயற்கை இழைகள், எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலிமை பெற்று, துரு என்பதையே அறியாதவையாக நிலைக்கயிறுகளில் இடம்பெற்று வருகின்றன. அவற்றுக்கு வெயிலும் உராய்வும் பகை. இடைவிடாத இழுவையில் மெல்ல மெல்ல நீண்டு தளரும் சுபாவமும் உண்டு. ஆகவே துருவைத் தேடப் பழகிய கண்கள், இழை சிலும்புவதையும் நிறம் வெளிறுவதையும் நீளம் கூடுவதையும் அளந்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும். பொருளை மாற்றுவதால் கவலை ஒழியும் என்று எண்ணிய ஒவ்வொரு தலைமுறைக்கும் கடல் அளித்த விடை ஒன்றே: கவலையின் இடம் மாறுமேயன்றிக் கவலை நீங்காது. தார்ச்சட்டியோடு உச்சியிலிருந்து இறங்கியவனுக்குக் கயிற்றைத் தொடுவது அன்றாட வேலையின் பகுதியாக இருந்தது. பராமரிப்பே வேண்டாத கயிறுகளைப் பெற்றுவிட்ட நமக்கோ அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. ஆகவே, பழுது ஏதும் தென்படாத நாளிலும், வேறொரு காரியத்தை முன்னிட்டு அல்லாமல் பார்ப்பதற்கென்றே மரமேறிப் பார்க்கும் நியமத்தை நாமே வலிந்து மேற்கொள்ள வேண்டியிருக்கிறது.