டிஜிட்டல் உயரமானி (வான்குதிப்பு)

விமானத்திலிருந்து குதிப்பவர் தரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்பதை எண்களாகக் காட்டும் சிறிய மின்னணுக் கருவி டிஜிட்டல் உயரமானி. ஸ்கைடைவிங் எனப்படும் வான்குதிப்பில், பாராசூட்டை எந்த உயரத்தில் விரிப்பது என்பதை இதைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். வெறும் கண்ணை நம்ப முடியாது. பல ஆயிரம் அடி உயரத்தில் தரை நெருங்கி வருவது தெரியாது. வயல்களும் சாலைகளும் வரைந்து வைத்த படம்போல அசையாமல் கிடக்கும். ஆனால் வயிறு தரையை நோக்க விழுபவரின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 1,000 அடியைக் கடக்க ஆறு வினாடிகூட ஆகாது. 13,000 அடியில் குதிப்பவருக்குப் பாராசூட் விரியும்வரை கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். 3,000 அடியைத் தாண்டியும் விரிக்காமல் விட்டால், தரைக்கும் அவருக்கும் இடையே எஞ்சியிருப்பது சுமார் 17 வினாடிகள்தான்.

செயல்படும் முறை

இக்கருவி உயரத்தை நேரடியாக அளப்பதில்லை; காற்றழுத்தத்தை அளந்து அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. திட்ட வளிமண்டலக் கணக்கின்படி கடல்மட்டத்தில் அழுத்தம் 1,013 ஹெக்டோபாஸ்கல். 13,000 அடியில் அது ஏறத்தாழ 620 ஆகக் குறைகிறது. கருவிக்குள் இருக்கும் உணரியின் மெல்லிய சிலிக்கான் தகடு அழுத்தத்துக்கு ஏற்ப வளையும்போது அதன் மின்தடை மாறுகிறது. நுண்செயலி அந்த மாற்றத்தை அடியாகவோ மீட்டராகவோ மாற்றித் திரையில் காட்டுகிறது.

தரைக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றம் சுமார் 27 அடிக்குச் சமம். காலையில் பூஜ்ஜியமாக்கிய கருவி, பிற்பகலில் அழுத்தம் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருந்தால், தரையிலேயே 100 அடிக்கு மேல் காட்டும். பெரும்பாலான டிஜிட்டல் கருவிகள் தரையில் இருக்கும்போது இந்த மாற்றத்தைத் தாமாகவே சரிசெய்துகொள்கின்றன. முள் கொண்ட பழைய வகையில் குதிப்பவரே திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

வகைகள்

பார்வை வகை இடது மணிக்கட்டிலோ புறங்கையிலோ அணியப்படுகிறது. பாராசூட்டை இழுக்கும் பிடி பெரும்பாலும் வலது இடுப்பருகே இருப்பதால், வலக்கை அந்த வேலைக்கு ஒதுக்கப்படுகிறது. ஒலி வகை தலைக்கவசத்துக்குள் காதருகே பொருத்தப்பட்டு, முன்கூட்டியே குறித்த உயரங்களில் ஒலி எழுப்புகிறது. குழுவாகக் குதிப்பவர்கள் பிரிந்து விலக ஓர் ஒலி, பாராசூட்டை விரிக்க ஓர் ஒலி, இனியும் தாமதிக்கக் கூடாது என்று எச்சரிக்க ஓர் ஒலி என மூன்று உயரங்களைக் குறிப்பது வழக்கம். டென்மார்க்கின் எல்&பி நிறுவனத்தின் வைசோ, ஏரீஸ், அமெரிக்காவின் ஆல்டி-2 நிறுவனத்தின் நெப்டியூன், அட்லஸ் ஆகியவை பார்வை வகையில் அறியப்பட்டவை. எல்&பியின் ஆப்டிமா ஒலி வகையைச் சேர்ந்தது.

தானியங்கி விரிப்புக் கருவி இவற்றிலிருந்து வேறுபட்டது. 1991-இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் வெளியிட்ட சைப்ரஸ் இதற்கு எடுத்துக்காட்டு. அனுபவமுள்ளவர்களுக்கான சைப்ரஸ், சுமார் 750 அடியில் ஒருவர் வினாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் அவசரப் பாராசூட்டை விடுவிக்கிறது. உயரமானி அறிவிக்க மட்டுமே செய்யும், எதையும் விரிக்காது.

தேர்ந்தெடுத்தல்

முதல் அளவுகோல், ஒரே பார்வையில் படிக்க முடிகிறதா என்பது. எண்கள் பெரிதாகவும், நண்பகல் வெயிலிலும் மங்கிய மாலையிலும் தெளிவாகவும் தெரிய வேண்டும். திட்ட வளிமண்டலத்தில் 13,000 அடியில் வெப்பநிலை உறைநிலைக்குச் சுமார் 11 பாகை கீழே இருக்கும். அந்தக் குளிரில் சில திரைகள் மந்தமாகும், மின்கலம் வலுவிழக்கும். அதனால் குளிர் தாங்கும் திறனையும் மின்கல எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். பொத்தான்கள் கையுறையோடு அழுத்த ஏற்றவையாகவும், தவறுதலாகத் தட்டினால் அமைப்பு மாறாதவையாகவும் இருப்பது நல்லது. மாற்று மின்கலம் எளிதில் கிடைக்குமா என்பதும் முக்கியம்.

குதித்த உயரம், விரித்த உயரம், உச்ச வேகம், விழுந்த நேரம் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் வசதி பயனுள்ளது. ஆனால் அது இரண்டாம் தரத் தேவை. டிஜிட்டல் வகைக்கு ஒரு குறையும் உண்டு: எண்ணைப் படித்துப் பொருள்கொள்ள ஒரு கணம் வேண்டும். முள்ளின் கோணமோ பார்த்தவுடன் மனதில் பதியும். புதிதாகக் கற்பவர்களுக்குப் பல பயிற்சிப் பள்ளிகள் முள் வகையைக் கொடுப்பதற்கு இது ஒரு காரணம்.

பயன்படுத்துதல்

கருவியைத் தரையிலேயே இயக்கி, பூஜ்ஜியம் காட்டுகிறதா, மின்கலம் போதுமா என்று பார்க்க வேண்டும். பறக்கும் விமானத்தில் இயக்கினால், அந்த உயரத்தையே தரை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இறங்கும் இடம் புறப்படும் இடத்தைவிட 300 அடி மேடாக இருந்தால், புறப்படும்போது கருவி −300 காட்டும்படி அமைக்க வேண்டும். அப்போதுதான் இறங்கும் இடத்தில் பூஜ்ஜியம் காட்டும்.

விமானம் ஏறும்போது உடன் வருபவர்களின் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். குதித்தபின் சில வினாடிகளுக்கு ஒருமுறையும், ஒவ்வொரு அசைவை முடித்த பின்னரும் கருவியைப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதிப்படி மாணவர்களும் 'ஏ' உரிமம் பெற்றவர்களும் 3,000 அடிக்குக் கீழே பாராசூட்டை விரிக்கக் கூடாது. விரிந்து முழுவடிவம் பெறுவதற்குள்ளேயே பல நூறு அடி இறங்கிவிடும் என்பதால், அந்த எல்லைக்கு வெகு முன்பே விரிக்கத் திட்டமிடுகிறார்கள்.

பிழைகளும் வரம்புகளும்

விழுபவரின் உடலுக்கு மேற்புறத்தில் அழுத்தம் குறைந்த, கொந்தளிப்பான காற்று உருவாகிறது. கருவி அந்தப் பகுதியில் அகப்பட்டால், உண்மையைவிட நூற்றுக்கணக்கான அடி அதிகமாகக் காட்டக்கூடும். மல்லாந்த நிலையில் மார்பிலுள்ள கருவிக்கு இது நேரலாம். கடுங்குளிரிலும் உண்மை உயரம் திரையில் தெரிவதைவிடக் குறைவாக இருக்கும். ஒலி வகையின் ஓசை காற்றிரைச்சலில் காதில் விழாமல் போகலாம். அதனால் அது பார்வை வகைக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

கருவி நின்றுபோனாலோ அதன் எண்ணில் ஐயம் எழுந்தாலோ, மீண்டும் சரிபார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. சுற்றிலும் யாரும் இல்லை என்று உறுதிசெய்து உடனே பாராசூட்டை விரிப்பதே சரியான செயல். உயரமாக விரித்தால் இழப்பது சில வினாடி வீழ்ச்சியை மட்டுமே. தாழ்வாக விரித்தால் திருத்திக்கொள்ள வாய்ப்பே இருக்காது.