துலாமும் கன்னியும்

பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக் 1833-இல் வெளியிட்ட ‘யூஜெனி கிராந்தே’ நாவலில் ஒரு சிவப்பு வெல்வெட் பை வருகிறது. லுவார் நதிக்கரையிலுள்ள சொமூர் நகரத்து இருண்ட வீட்டில், இரவு நேரத்தில் அந்தப் பையைக் கொட்டி எண்ணுகிறாள் இருபத்து மூன்று வயது யூஜெனி. போர்த்துக்கல், ஜெனோவா, ஒல்லாந்துப் பொற்காசுகளுக்கு நடுவே நம் நாட்டுக் காசுகளும் எட்டு உண்டு. மொகலாயர் அடித்த இராசிக் காசுகள் அவை. மூன்றில் துலாம், ஐந்தில் கன்னி. ஜஹாங்கீர் இராசிகளைப் பொறித்துக் காசு வெளியிட்டதை நாணயவியலார் அறிவர். தராசும் கன்னியும் பால்சாக் கைக்குத் தற்செயலாக வந்தன என்று தள்ள எனக்கு மனமில்லை.

தராசு தந்தையின் கையில் இருக்கிறது. பீப்பாய் செய்து பிழைத்த கிராந்தே, புரட்சி அரசு திருச்சபை நிலங்களை விற்றபோது, மனைவியின் சீதனத்தையும் சேர்த்துப் போட்டுத் திராட்சைத் தோட்டங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர். 1806-இல் மனைவி வழியில் மூன்று சொத்துகள் வந்து சேர்ந்தன. சர்க்கரைக் கட்டியைத் தாமே வெட்டி அளந்து கொடுப்பார். பேரத்தில் திக்குவாயராக நடிப்பார். எதிராளி பொறுக்கமாட்டாமல் வார்த்தை எடுத்துக் கொடுத்து, அதிலேயே அகப்பட்டுக்கொள்வான். மோலியேர் நாடகத்துக் கஞ்சன் பணப்பெட்டியைத் தோட்டத்தில் புதைத்துவிட்டுத் தவித்தவன். கிராந்தே அந்த ரகமல்லர். அரசுக் கடன்பத்திரமும் சட்டத்தின் சந்துபொந்தும் தெரிந்தவர்.

அவர் அஞ்சியதும் அந்தச் சட்டத்துக்கே. தந்தை திவாலாகித் தற்கொலை செய்துகொண்டதால் அநாதையாகிவிட்ட சித்தப்பா மகன் ஷார்லை நேசிக்கும் யூஜெனி, அவனுக்குப் பொற்காசு அனைத்தையும் கொடுத்துவிடுகிறாள். (ஒன்றுவிட்ட உறவில் மணம் அங்கே வழக்கத்தில் உண்டு.) விஷயம் தெரிந்ததும் கிராந்தே அவளை அறையில் பூட்டி, ரொட்டியும் தண்ணீரும் மட்டும் தருகிறார். மனைவி நோயில் விழுந்தும் அவர் இளகவில்லை. நோட்டரி குருஷோ வந்து, தாய் கண்மூடினால் அவள் பங்கு மகளுக்கு, மகள் பாகம் கேட்கலாம் என்று சிவில் சட்டத்தை நினைவூட்டுகிறார். பாசம் திறக்காத கதவைப் பாகப்பிரிவினைப் பயம் திறந்தது. 1822-இல் தாய் இறக்கிறாள். குடும்பம் துக்க உடை பூண்ட நாளிலேயே மகள் தன் உரிமையை எழுதிக் கொடுக்கிறாள். மாதம் நூறு பிராங்கு தருவதாகச் சொன்ன தந்தை, ஆண்டு முடிந்தும் ஒரு காசுகூடத் தரவில்லை.

1827-இல் தந்தை மறைகிறார். கடல் கடந்து போய் அடிமை வணிகத்தில் பணம் குவித்துத் திரும்பிய ஷார்ல், பிரபுப் பட்டத்துக்காக வேறொருத்தியை மணக்கப்போவதாகக் கடிதம் எழுதுகிறான். கூடவே எட்டாயிரம் பிராங்குக்குக் காசோலை, அசலும் வட்டியுமாக! அவள் நேசித்துக் கொடுத்தது அவன் கணக்கில் கைமாற்றாகிவிட்டது. யூஜெனி அவன் தந்தையின் கடன்காரர்களுக்கு முழுத் தொகையும் கொடுத்துத் தீர்க்கிறாள். பிறகு நோட்டரியின் சகோதரர் மகனான நீதிபதியை, பெயரளவு மணம் என்ற நிபந்தனையோடு ஏற்கிறாள். கன்னி கன்னியாகவே இருக்கிறாள். பிள்ளையில்லாமல் ஒருவர் இறந்தால் மற்றவருக்கே எல்லாம் என்று மண ஒப்பந்தத்தைக் கணவர் கவனமாக எழுதி வைத்தார். முந்திக்கொண்டு இறந்தவரும் அவரே.

கோடீஸ்வரியான அந்த விதவை, தந்தை விதித்த நாள் வரும்வரை குளிர்காய அடுப்பு மூட்டுவதில்லை. முன்பு மார்க்கி தெ ஃப்ருவாஃபோன் பணமுடையில் விற்ற மாளிகையையும் நிலத்தையும் வாங்கியவர் கிராந்தே. அந்த மார்க்கியின் குடும்பம் இப்போது அவளை வட்டமிடுவதாக சொமூரில் பேச்சு.