ஈழத்துத் தமிழ்ப் புனைகதையில் அதிகாரத் துஷ்பிரயோகம்

ஈழத்துத் தமிழ்ப் புனைகதை அரை நூற்றாண்டுக்கு மேலாக விசாரித்துவரும் பொருள்களில் அதிகாரத் துஷ்பிரயோகம் முதன்மையானது. விசாரணை ஊருக்குள்ளேயே தொடங்கியது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) யாழ்ப்பாணத்துச் சாதிமான்களின் அடக்குமுறையைக் குற்றக்கூண்டில் ஏற்றியது. 1977 கலவரத்தின்பின் கொழும்பிலிருந்து கப்பலேறிய அகதிகளைப் பற்றி அருளர் எழுதிய ‘லங்கா ராணி’ (1978) இனவெறிக்கும் அரசுக்கும் எதிராகப் பேசியது. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985) விடுதலை இயக்கமொன்றின் முகாம்களுக்குள் நடந்த வதையையும் கொலையையும் வெளிப்படுத்தியது. அதிகாரம் யார் கைக்குப் போனாலும் அவரிடம் கணக்குக் கேட்டதே இந்த மரபின் பெருமை.

கொழும்பில் அதிகாரம் பெரும்பாலும் ஒரு தாளின் வடிவில் வந்தது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் சந்தேகத்தையே கைதுக்குப் போதுமானதாக்கியது. போர்க்காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கிய தமிழர் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் காட்டி, வந்த காரணமும் சொல்ல வேண்டியிருந்தது. 2007 யூன் 7 அதிகாலை அவர்களில் 376 பேரைப் பொலிஸார் பேருந்துகளில் ஏற்றி நகரைவிட்டே அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கொழும்பில் வாழும் மலையகத் தமிழர் ஒருவர் சந்தேகத்தின் பேரில் கைதாவதைச் சொல்லும் தெளிவத்தை ஜோசப்பின் ‘குடை நிழல்’ (2010) இந்த நகர அச்சத்தின் நாவல்.

நீதிமன்றப் பதிவுகள் இருக்கையில் கதை எதற்கு என்று கேட்கலாம். தடையுத்தரவோடு வழக்கின் பதிவு நின்றுவிடும். அடுத்த இரவு கதவு தட்டப்படுமோ என்று காத்திருப்பவனின் மனம் அதில் ஏறாது. சொந்த இயக்கங்களைக் குறைசொல்வது அரசின் கொடுமையை மறைக்க உதவும் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதற்கு ஷோபாசக்தியின் ‘ம்’ (2004) பதிலாகிறது. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை அந்நாவல் சற்றும் மழுப்பவில்லை. அதே நாவலில், சிறையில் வதைபட்டவனே புலம்பெயர்ந்த வீட்டில் தன் மகளுக்குக் கொடுமை செய்பவனாகிறான். ஒரு கொடுமையைச் சொல்வதால் மற்றது சிறுத்துவிடவில்லை. பாதிக்கப்பட்டவர் என்பதால் எவருக்கும் விலக்களிக்காத எழுத்துத்தான் அரசைக் குற்றஞ்சாட்டும்போதும் நம்பப்படும்.