ஓசையில்லாக் கணினியின் வரலாறு

தமிழ் வகுப்பில் ஆசிரியருக்கு முதலில் வேண்டுவது யாது? கரும்பலகை அன்று, நூலும் அன்று, அமைதியே. லகர ளகர ழகர வேறுபாட்டைச் சிறுவர்களின் செவியில் பதியவைக்க முயன்ற எவரும் இதனை மறுக்கமாட்டார். 'வலி', 'வளி', 'வழி' என்னும் மூன்று சொற்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்காட்டும் வேளையில், அறையின் மூலையில் ஒரு யந்திரம் இடைவிடாது இரைந்துகொண்டிருந்தால், மூன்றும் மாணவனின் காதில் ஒன்றாகவே விழும். கணினியை நம் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தபோது இந்த இரைச்சலையும் உடன் கொண்டுவந்தோம்.

உண்மையில் அந்த இரைச்சல் கணினியின் குரல் அன்று. கணக்கிடுவதற்கு ஓசை தேவையில்லை. கணினியின் உள்ளே சுழலும் விசிறியின் குரலே அது. விசிறி சுழல்வதோ உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றுவதற்காக. ஆகவே, ஓசையில்லாத கணினி எவ்வாறு பிறந்தது என்று அறியப் புகுவோர் வெப்பத்தின் வரலாற்றையே அறியவேண்டும். கணினியின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே பலரும் எழுதுகின்றனர். அதன் மறுபக்கத்தை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வரலாற்றில் நம் மலாக்காவுக்கும் ஓர் இடம் உண்டு.

வால்வுகளின் காலம்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1946ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்ட 'எனியாக்' என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டிகளில் சிவந்து ஒளிர்ந்த 'வால்வு'களே அவை. அதன் எடை சுமார் 30 டன். அது உண்ட மின்சாரம் சுமார் 150 கிலோவாட். உண்ட மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படும் என்பது பௌதிக விதி. அவ்வெப்பத்தைப் போக்கப் பெரிய ஊதுவிசிறிகள் அமைக்கப்பட்டன.

இந்தியாவில் உருவான முதற்கணினிகளுள் ஒன்று பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் 1960ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. 1962இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயரிட்டார். அதிலும் சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அக்காலக் கணினி எதுவாயினும், கணக்கிடும் பகுதிக்கு நிகராகக் குளிர்விக்கும் ஏற்பாட்டுக்கும் இடமும் பொருளும் வேண்டியிருந்தன.

சில்லும் சூடும்

1947இல் டிரான்சிஸ்டர் தோன்றியது. 1958இல் பல உறுப்புகளை ஒரே துண்டில் அமைக்கும் சில்லு தோன்றியது. 1963இல் அமெரிக்கப் பொறியாளர் பிராங்க் வான்லாஸ், 'சீமாஸ்' எனப்படும் சுற்றமைப்பை உருவாக்கினார். வெற்றிடக் குழாய் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் சூடாகிக்கொண்டே இருக்கும். சீமாஸ் சுற்றோ, ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறும் கணத்தில் மட்டுமே குறிப்பிடத்தக்க மின்சாரத்தை உண்ணும். பால்வெட்டுக்கு விடியற்காலையில் ஏற்றும் விளக்கை, விடிந்தபின் அணைப்பதற்கும் நாள் முழுவதும் எரியவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

இச்சுற்றின் மற்றொரு தன்மை நம் பொருளுக்கு மிக முக்கியம். மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால், மாறும்போது செலவாகும் மின்சாரம் கால்பங்காகக் குறைந்துவிடும். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கி, அதற்கேற்ப மின்னழுத்தத்தையும் குறைத்தால், எத்தனை டிரான்சிஸ்டர்களை நெருக்கி வைத்தாலும் ஒரு சதுர அங்குலத்தில் எழும் வெப்பம் மிகாது என்று 1974இல் ராபர்ட் டென்னார்டும் அவருடைய தோழர்களும் விளக்கிக் காட்டினர்.

விதி அறியப்பட்டிருந்தும், வேகத்தின் மீது கொண்ட வேட்கை அதனைக் கடந்து சென்றது. 1993இல் வந்த பெண்டியம் செயலியோடு, செயலியின் தலைமேல் விசிறியைப் பொருத்துவது பரவலான வழக்கமாயிற்று. 2004இல் வந்த பெண்டியம்-4 வகைகளுள் சில 100 வாட்டுக்கு மேல் உண்டன. பழைய நூறு வாட் குண்டு பல்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்கள் அச்சூட்டை அறிவார்கள். அத்தனை வெப்பமும் விரல்நகம் அளவுள்ள சில்லிலிருந்து எழுந்தது. டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறியவை ஆகிவிட்டதால், மூடிய குழாயிலிருந்து நீர் ஒழுகுவதுபோல் மின்சாரம் ஒழுகத் தொடங்கியது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க வழியில்லாமற் போயிற்று. 2004 மே மாதத்தில் இன்டெல் நிறுவனம், பெண்டியம்-4இன் வழித்தோன்றலாக வரவிருந்த செயலியைக் கைவிட்டது. வேகம் வெப்பத்தின் முன் தலைவணங்கிய ஆண்டு அது எனலாம்.

வறுமை வகுத்த எல்லை

இதற்கிடையில், வேறோர் இடத்தில் வேறொரு வழி பிறந்திருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கார்ன் என்னும் சிறிய நிறுவனம் 1983இல் தனக்கென ஒரு செயலியை வடிவமைக்க முற்பட்டது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவரும் அப்பணியில் முதன்மையானவர்கள். பெரிய நிறுவனங்களுக்கு இல்லாத இரண்டைத் தாம் அவர்களுக்கு அளித்ததாகவும், அவை பணமின்மையும் ஆளின்மையும்தாம் என்றும் நிறுவனர் ஹெர்மன் ஹவுசர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

சில்லை உறையிட்டுத்தான் பயன்படுத்த இயலும். சூடான சில்லுக்கு விலைமிகுந்த பீங்கான் உறை வேண்டும். மலிவான பிளாஸ்டிக் உறை அவ்வெப்பத்தைத் தாங்காது. பீங்கான் உறைக்குரிய பொருள்வளம் ஏக்கார்னிடம் இல்லை. ஆதலால், செயலி ஒரு வாட்டுக்குமேல் உண்ணலாகாது என்று தமக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொண்டனர். அந்நாளில் அதனைத் துல்லியமாக அளந்து வடிவமைக்கும் கருவிகள் அவர்களிடம் இல்லை. எனவே ஒவ்வொரு கட்டத்திலும் சிக்கனத்தையே கடைப்பிடித்தனர். பிறருடைய செயலிகள் இலட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்களை நோக்கிச் சென்றபோது, அவர்களுடைய செயலி ஏறத்தாழ 25,000 டிரான்சிஸ்டர்களோடு நின்றது.

1985 ஏப்ரல் 26ஆம் நாள் முதற்சில்லு வந்து சேர்ந்தது. பலகையில் பொருத்தினர், அது சரியாகவே இயங்கியது. அது எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்று அளந்தபோது கருவி சுழியைக் காட்டியது. ஆராய்ந்து பார்த்தபின் காரணம் விளங்கிற்று. செயலிக்குரிய மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை! மற்றச் சில்லுகளிலிருந்து வரும் குறிப்பலைகளின் வழியே கசிந்த மின்சாரத்தைக் கொண்டே அது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாட் என்று எல்லை வகுத்தார்கள். கிடைத்ததோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உண்ணும் செயலி. 'ஆர்ம்' எனப் பெயர்பெற்ற அக்குடும்பமே பின்னாளில் உலகின் கைத்தொலைபேசிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று. மலிவான உறைக்குள் அடங்கவேண்டும் என்னும் கட்டாயமே இச்சிக்கனத்தின் தாய்.

உறையிட்ட கைகள்

உறை என்றவுடன் மலாக்கா வாசகர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். சில்லுகளுக்கு உறையிடும் தொழில் நம் நாட்டில் வேரூன்றியது 1970களின் தொடக்கத்தில். 1972இல் இன்டெல் நிறுவனம் பினாங்கில் தன் ஆலையை அமைத்தது. 1973இல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம், துரியான் துங்காலுக்கு அண்மையிலுள்ள பத்து பெரெண்டாமில் குறைகடத்தி ஆலையைத் தொடங்கியது. 1999இல் அப்பிரிவு தனியே பிரிந்து இன்ஃபினியோன் என்னும் பெயர் பெற்றது.

அங்கு நடந்த வேலை யாது? சிலிக்கன் தகட்டைச் சிறு சிறு சில்லுகளாக அறுப்பார்கள், ஒவ்வொன்றையும் உலோகச் சட்டத்தில் ஒட்டுவார்கள், தலைமயிரினும் மெல்லிய கம்பியால் சில்லையும் சட்டத்தின் கால்களையும் இணைப்பார்கள், கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடுவார்கள், பின்னர்ச் சோதிப்பார்கள். தொடக்க ஆண்டுகளில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கம்பியை இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்களே. மலாய்ப் பெண்களோடும் சீனப் பெண்களோடும் தோட்டங்களிலிருந்து சென்ற நம் பெண்களும் இருந்தனர். தாய் பால்வெட்டுக்குச் செல்ல, மகள் ஆலைப் பேருந்தில் ஏறிச் சென்ற காலம் அது. சில்லில் பிறக்கும் வெப்பம் வெளியேறும் வழி அந்தச் சட்டமும் உறையுமே. ஆகவே கணினியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் கலையில் ஒரு பாதி, உறையிடுவோரின் கைத்திறன்.

இந்திய முயற்சிகள்

சிக்கனச் செயலியின் பயனை இந்திய அறிஞர்களும் உணர்ந்தனர். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் கூடி, 2001இல் 'சிம்ப்யூட்டர்' என்னும் சிறுகணினியின் முன்மாதிரியை வெளியிட்டனர். எழுதப்படிக்கத் தெரியாத சிற்றூர் மக்களுக்கும் பயன்படவேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். ஆர்ம் வழிவந்த செயலியே அதன் உள்ளம், விசிறி இல்லை, சிறிய மின்கலங்களைக் கொண்டே இயங்கியது. 2004இல் விற்பனைக்கு வந்தும் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. ஆயினும் நோக்கம் பழுதுடையது அன்று.

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட 'சக்தி' செயலிகள் 2018இல் சில்லாக வார்க்கப்பட்டு லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கின. அவ்வாண்டிலேயே சண்டிகரிலுள்ள ஆலையில் இந்திய மண்ணிலேயே அவற்றுள் ஒன்று வார்க்கப்பட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தோன்றிய, யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் கட்டளைமுறையை அது பின்பற்றுகிறது.

மேசைக்கு வந்த அமைதி

மேசைக்கணினியில் விசிறியை நீக்கும் முயற்சியில் தைவானின் வியா நிறுவனத்துக்குத் தனியிடம் உண்டு. 2001இல் அந்நிறுவனம் 17 சென்டிமீட்டர் சதுரமே உள்ள தாய்ப்பலகையை வெளியிட்டது. அதில் அமைந்த செயலிகளுள் சில விசிறியின்றியே இயங்கின. 2008இல் இன்டெல்லின் 'ஆட்டம்' செயலி வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை: செயலி 4 வாட்டே உண்டது, அதனோடு முதலில் தந்த துணைச்சில்லோ அதனைப்போல் ஐந்து மடங்கு உண்டது. எனவே செயலியின்மேல் விசிறி இல்லை, துணைச்சில்லின்மேல் விசிறி! ஓர் உறுப்பு மட்டும் சிக்கனமாய் இருந்தால் போதாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

2012 பிப்ரவரி 29ஆம் நாள் அதே கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து 'ராஸ்பெரி பை' வந்தது. பள்ளிச் சிறுவர் கற்பதற்கென்றே 35 டாலர் விலையில், ஆர்ம் செயலியோடு, விசிறியின்றி வந்த சிறு பலகை அது. 2023இல் வந்த அதன் ஐந்தாம் தலைமுறை வேகம் மிகுந்தது. உடனே அதற்கென ஒரு விசிறியும் விற்பனைக்கு வந்தது. வேட்கை பெருகினால் விசிறி திரும்பிவரும். அதே ஆண்டில் இன்டெல் வெளியிட்ட 'என்-100' செயலியின் வெப்ப அளவு 6 வாட். பள்ளிக்கு வேண்டிய எழுத்துவேலை, படக்காட்சி, இணையத் தேடல் ஆகியவற்றுக்கு அது போதுமானது.

நம் மண்ணுக்கேற்ற அமைப்பு

விசிறியில்லாக் கணினியை அமைக்க விரும்பும் ஆசிரியர்கள் நான்கினை நோக்கவேண்டும். 10 வாட் அளவில் அடங்கும் செயலி வேண்டும். சுழலும் தட்டுக்கு மாறாக அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் வேண்டும். மின்வழங்கியைப் பெட்டிக்குள் வைக்காமல், மடிக்கணினிக்கு இருப்பதுபோல் வெளியே தனியே வைத்தல் வேண்டும். வரிவரியாகத் தகடுகள் அமைந்த தடித்த அலுமினியப் பெட்டி வேண்டும். செயலியின் முகம் அப்பெட்டியை வெப்பக் களிம்பின் வழியே நன்கு தொட்டிருக்கவேண்டும். அப்போது பெட்டியே வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

நம் நாட்டுக்கு ஒரு கணக்கு தனியே உண்டு. வெப்பம் வெளியேறும் அளவு, சில்லுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. சில்லு 100 பாகைவரை தாங்கும் எனக் கொள்வோம். ஐரோப்பாவில் 20 பாகை அறையில் அவ்வேறுபாடு 80. நம் வகுப்பறையின் 34 பாகையில் அது 66. அதே பெட்டி இங்கே ஆறில் ஒரு பங்குக்குமேல் குறைவாகவே வெப்பத்தைப் போக்கும். ஆதலின் அங்குள்ளோர் போதும் என்பதைவிடப் பெரிய பெட்டியையே நாம் தேர்ந்தெடுக்கவேண்டும். இயங்கும்போது பூத்துணியால் மூடுவதும், அலமாரிக்குள் பூட்டிவைப்பதும் ஆகா. சூடான காற்று மேலெழுந்து செல்ல வழிவிடவேண்டும். உயர்ந்த கூரையும் மரச்சட்டத் திறப்புகளும் கொண்ட பழைய தோட்டப் பள்ளிக்கூடங்கள் அந்த முறையில்தான் குளிர்ந்தன.

எங்கள் பள்ளிக்கு நன்கொடையாக வந்த பழைய கணினி ஒன்றைத் திறந்தபோது, விசிறியின் இறகுகளில் கம்பளிபோல் தூசு படிந்திருந்தது. அடியில் பல்லி முட்டைகள் கிடந்தன. விசிறி காற்றை மட்டும் இழுப்பதில்லை. தோட்டத்துப் புழுதியையும் சேர்த்தே இழுக்கிறது. செலவையும் கருதுங்கள். 100 வாட் கணினி நாளொன்றுக்கு 6 மணி நேரமாக 200 நாள் இயங்கினால் 120 யூனிட். 10 வாட் கணினியாயின் 12 யூனிட். கடினமான வேலை கொடுத்தால் விசிறியில்லாக் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதையும் மறைத்தல் கூடாது. பட வெட்டொட்டு வேலைக்கு அது ஏற்றதன்று. வகுப்பறைக்கு ஏற்றது.

பிறர் கழித்ததை நன்றியுடன் பெற்றுக்கொள்வதே நம் பள்ளிகளின் வழக்கமாக இருந்துவருகிறது. நமக்கு வேண்டியது எது என்று அளந்து கேட்கும் பழக்கம் இனியேனும் வரவேண்டும். கேட்டறிய ஆளில்லை என்று சொல்வதற்கும் இல்லை. 2000இல் நிறுவப்பட்ட மலாக்காத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இந்தத் துரியான் துங்காலிலேயே இருக்கிறது.

விசிறியில்லாக் கணினி ஒன்றை மாணவர் முன் திறந்துகாட்டும் ஆசிரியர், பலகையிலுள்ள கறுப்பு உறைகளையும் சுட்டிக்காட்டுவாராக. இவ்வாறான உறைகளை நுண்ணோக்கியின்கீழ் முடித்துக்கொடுத்த பெண்களுள் சிலர் இன்று நம் மாணவர்களின் பாட்டிமார்கள். அவர்கள் செய்த வேலை எதற்கு என்று அக்காலத்தில் எவரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கமாட்டார்கள். அதனைப் பேரப்பிள்ளைகளுக்கேனும் சொல்லவேண்டியது ஆசிரியர்களாகிய நம் கடமை. சொல்லும்போது அறை அமைதியாக இருக்கும்; சொல் காதில் விழும்.