கடனாளிகளுக்காகப் பேசிய அந்தோனியார்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு பொருள் காணாமற் போனால் நாவில் முதலில் வரும் பெயர் பதுவைப் புனித அந்தோனியாருடையது. மோதிரமோ, அடையாள அட்டையோ, வலையோ, எது தொலைந்தாலும் அவரிடமே முறையீடு. 1543இல் கோட்டை இராச்சியத்துக்கு வந்த பிரான்சிஸ்கன் துறவிகளின் சபையைச் சேர்ந்த புனிதர் அவர். செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்யப்பட்டதால் அக்கிழமை அவருக்குரியதாயிற்று.

ஆனால், அவர் தமது இறுதி மாதங்களில் செய்த ஒரு காரியம் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அது கடன் பற்றியது.

1195இல் லிஸ்பனில் பிறந்தவர். முதலில் அகுஸ்தீன் சபை மடத்தில் துறவியாக இருந்தார். 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து மொரோக்கோவுக்குப் போனார். அங்கே நோயுற்றுத் திரும்புகையில் புயல் கப்பலைச் சிசிலிக்குத் தள்ளியது. கடலோர மக்கள் அவரைத் தம்மவராகக் கொள்ள இதுவே போதும். இத்தாலியின் மலைமடம் ஒன்றில் ஓசையின்றி இருந்தவரின் சொல்வன்மை 1222இல் போர்லி நகரில்தான் வெளிப்பட்டது.

பதுவை அந்நாளில் வட்டிக்காரர்களுக்குப் பேர்போன நகரம். பிற்காலத்தில் கவிஞர் தாந்தே, அவ்வூர் வட்டிக்காரர் ஒருவரை நரகத்திலேயே நிறுத்திக் காட்டினார். கடனைத் திருப்ப முடியாதவனுக்கு அங்கே சிறைவாசம்தான். சிறைக்குள் இருப்பவன் உழைப்பது எப்படி, கடனை அடைப்பது எப்படி என்று சட்டம் கேட்கவில்லை.

1231ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அந்தோனியார் அந்நகரில் நாள்தோறும் மறையுரை ஆற்றினார். அந்த மார்ச் மாதத்தில், அவருடைய வேண்டுகோளின்படி எனப் பெயரைக் குறிப்பிட்டே, நகர ஆட்சி ஒரு சட்டம் செய்தது. தன் உடைமைகளை ஒப்படைக்க முன்வருபவனைப் பணக்கடனுக்காக மட்டும் சிறையில் வைக்கக் கூடாது. கடனாளிக்குப் பிணை நின்றவனுக்கும் இது பொருந்தும். மோசடியாகச் சொத்தைக் கைமாற்றினால் அது செல்லாது. ஏமாற்றுபவனையும் இயலாதவனையும் பிரித்துப் பார்த்த சட்டம் இது. பாவத்தைக் கண்டித்ததோடு நின்றிருந்தால் மறையுரை மறக்கப்பட்டிருக்கும். அவர் சட்டத்தின் வாசகத்தையே மாற்றச் சொன்னார். மூன்றே மாதத்தில், ஜூன் 13 அன்று, இறந்தும் போனார்.

பிணை நின்றவர் பற்றிய வரியை வாசிக்கும்போது எனக்குத் திருமலை நினைவுக்கு வருகிறது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் பரவிய நுண்கடனில், பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். ஒருத்தியால் கட்ட இயலாத கிழமையில், மற்றவர்களே அவள் வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. கடன்காரர் செய்ய வேண்டிய வேலையை அயலவர் செய்தனர். 2018இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது; அதில் திருகோணமலையும் அடங்கும்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப இயலாது என்று நாடே கைவிரித்தது. அதற்குப் பேச்சுவார்த்தையும் மறுசீரமைப்பும் கிடைத்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது, படகைக் கரையில் ஏற்றிவைத்த மீனவர் வீட்டுத் தவணையை மறுசீரமைக்க எவரும் மேசை போட்டு அமரவில்லை.