பாலமா, திசைவியா: கிளை வலையமைப்புகளை இணைத்த இரு முறைகளின் வரலாறு

ஒரு நிறுவனத்தின் தலைமையகத்தையும் கிளை அலுவலகங்களையும் இணைக்கும் கணினி வலையமைப்பை இரண்டு முறைகளில் அமைக்கலாம். ஒன்று, எல்லா இடங்களையும் ஒரே உள்ளக வலையமைப்பாக நீட்டுவது. தொடக்கத்தில் பாலம் என்றும் பின்னர் சுவிட்ச் என்றும் அழைக்கப்பட்ட கருவி இதைச் செய்கிறது. மற்றொன்று, ஒவ்வொரு கிளையையும் தனி வலையமைப்பாக வைத்து, அவற்றுக்கிடையே திசைவியை (ரூட்டர்) நிறுத்துவது. ஒரு கிளையில் ஏற்படும் பழுது எவ்வளவு தூரம் பரவலாம் என்பதையும் இந்தத் தேர்வே முடிவு செய்கிறது.

வேறுபாடு

சுவிட்ச், தரவுச் சட்டகத்தில் உள்ள 48 பிட் வன்பொருள் முகவரியைப் பார்த்து அதை உரிய வாயிலுக்கு அனுப்புகிறது. முகவரி தெரியாவிட்டால் எல்லா வாயில்களிலும் அனுப்பிவிடும். அனைவருக்குமான அறிவிப்புச் செய்திகளையும் அப்படியே பரப்பும். திசைவி ஐபி முகவரியைப் பார்க்கிறது. வழி தெரியாத பொதியைக் கைவிடுகிறது. அறிவிப்புச் செய்திகளைத் தன்னைத் தாண்ட விடுவதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 1981இல் வெளியான ஐபி நெறிமுறையில் ஒவ்வொரு பொதிக்கும் ஓர் ஆயுள் எண் உண்டு. அது 255ஐத் தாண்டாது. ஒவ்வொரு திசைவியும் அதை ஒன்று குறைக்கும். சுழியத்தை எட்டினால் பொதி அழிக்கப்படும். ஈத்தர்நெட் சட்டகத்தில் இத்தகைய எண் இல்லை. எனவே இணைப்பில் ஒரு வளையம் உருவானால் சட்டகம் முடிவின்றிச் சுற்றும்.

பாலங்களின் காலம்

ஈத்தர்நெட் 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவானது. அது ஒரு கட்டடத்துக்குள் பயன்படுவதற்காக வடிவமைக்கப்பட்டது. 1980களில் நிறுவனங்கள் இத்தகைய வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்க விரும்பின. அப்போது புழக்கத்தில் இருந்த லாட், நெட்பியூய் போன்ற நெறிமுறைகளில் திசைவிக்குத் தேவையான வலையமைப்பு முகவரியே இல்லை. அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்குப் பாலம் ஒன்றே வழி. முகவரித் திட்டமோ பெரிய அமைவு வேலையோ இன்றி, செருகியவுடன் இயங்கியதும் அதன் ஈர்ப்பு.

வளையச் சிக்கலுக்கு டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் 1985இல் தீர்வு கண்டார். 'ஸ்பானிங் ட்ரீ' எனப்படும் அவரது முறையில் பாலங்கள் தமக்குள் செய்தி பரிமாறி, மிகையான இணைப்புகளை அடைத்து, வளையமற்ற மரவடிவை அமைத்துக்கொள்கின்றன. 1990இல் இது 802.1டி தரமாயிற்று. அதே ஆண்டில் கல்பனா நிறுவனம் ஏழு வாயில்கள் கொண்ட ஈத்தர்நெட் சுவிட்சை வெளியிட்டது. பாலத்தின் வேலையை அது பல வாயில்களில் விரைவாகச் செய்தது.

தொலைதூரக் கிளைகளில் பாலத்தின் குறை விரைவில் தெரிந்தது. உள்ளக வலையமைப்பின் வேகம் நொடிக்கு 10 மெகாபிட். வாடகைத் தொலைபேசித் தடத்தின் வேகமோ பெரும்பாலும் 56 அல்லது 64 கிலோபிட். தலைமையகக் கணினிகளின் அறிவிப்புச் செய்திகள் எல்லாம் அந்தக் குறுகிய தடத்தில் நுழைந்து, கிளையின் உண்மையான வேலைக்கு இடமில்லாமல் செய்தன. 1984இல் தொடங்கப்பட்ட சிஸ்கோ போன்ற நிறுவனங்களின் பல்நெறிமுறைத் திசைவிகள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாஸ்டன் நிகழ்வு, 2002

ஒரே வலையமைப்பாக நீட்டுவதன் ஆபத்தை, பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் 2002 நவம்பர் 13 அன்று தொடங்கிய முடக்கம் காட்டியது. 1996இல் இரு மருத்துவமனைகள் இணைந்து உருவான நிறுவனம் அது. அதன் வலையமைப்பு சுவிட்ச்கள் மேல் சுவிட்ச்களாக வளர்ந்து, ஸ்பானிங் ட்ரீக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஏழு பாலங்கள் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. பெருமளவு தரவுப் போக்குவரத்தில் ஸ்பானிங் ட்ரீ நிலைகுலைந்தது, வளையங்கள் தோன்றின. முழுமையாக மீளச் சுமார் நான்கு நாள் ஆயிற்று. அதுவரை மருந்துச் சீட்டுகளும் ஆய்வக முடிவுகளும் தாளில் எழுதப்பட்டு, ஆட்கள் மூலம் கொண்டு செல்லப்பட்டன. அவசரச் சிகிச்சைப் பிரிவு சில மணி நேரம் புதிய நோயாளிகளை ஏற்கவில்லை. பின்னர் வலையமைப்பு திசைவிகளை மையமாகக் கொண்டு மாற்றியமைக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் வெளியிட்டதால், பிற நிறுவனங்களுக்கும் அது பாடமாயிற்று.

பிற்காலம்

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இன்று இரு வகைச் சேவைகளையும் விற்கின்றன. எம்பிஎல்எஸ் அடிப்படையிலான திசைவிப்புச் சேவை 1999இல் ஆவணப்படுத்தப்பட்டது. தொலைவிலுள்ள கிளைகளை ஒரே ஈத்தர்நெட் போலக் காட்டும் விபிஎல்எஸ் 2007இல் ஆவணமாயிற்று. இரண்டாவதை வாங்குவோரும் ஒவ்வொரு கிளையின் வாசலிலும் தம் சொந்தத் திசைவியை வைத்தால், ஒரு கிளையின் வளையமோ அறிவிப்பு வெள்ளமோ மற்றக் கிளைகளுக்குப் போகாது.

பெர்ல்மன் பிற்காலத்தில் முன்வைத்த 'டிரில்' என்ற முறை 2011இல் தரமாக வெளியானது. அதில் சட்டகத்துக்கு ஒரு தாவல் எண் சேர்க்கப்பட்டது. திசைவிகள் ஐபி பொதியில் குறைத்துவந்த ஆயுள் எண்ணைப் போன்றதே அது. பாலங்களுக்கு மரவடிவைத் தந்தவரே, 26 ஆண்டுகளுக்குப் பின், திசைவியின் அந்தப் பாதுகாப்பையும் அவற்றுக்குக் கொண்டுவந்தார்.