கந்தையும் காலமும்: வங்கப் பெண்களின் ஊசி நேரம்

தமிழில் 'தையல்' என்னும் சொல்லுக்குத் தைக்கும் தொழில் என்றும் பொருள் உண்டு. பெண் என்றும் பொருள் உண்டு. ஒரே சொல் இவ்விரண்டையும் குறிப்பதை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். மாணவியர் சிரிப்பர், அடுத்த செய்யுளுக்குச் சென்றுவிடுவோம். ஆயினும் அச்சொல் எழுப்பும் வினா ஒன்று நெடுநாளாக நம்மை விடாமல் பற்றியிருக்கிறது. அடுப்பும் குழந்தையும் கிணறும் தொழுவமும் பங்கிட்டுக்கொண்ட ஒரு நாளில், ஊசியை எடுப்பதற்கான நேரத்தைப் பெண்கள் எங்கிருந்து பெற்றனர்?

'ஓய்வு நேரத்தில் செய்தனர்' என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. கைவினை பற்றிய நூல்கள் பலவற்றிலும் இத்தொடரைக் காணலாம். இது சரியான விடைதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு நாம் தேர்ந்துகொண்ட களம் வங்காளம். அதற்குக் காரணமும் ஒரு சொல்லே. நாம் 'கந்தை' என வழங்குவது வடமொழிக் 'கந்தா' என்பதன் வழி வந்தது என்பர் அகராதியார். அதே மூலத்திலிருந்து கிளைத்ததே வங்காளத்தின் 'காந்தா'. நம்மிடத்தில் அச்சொல் கிழிந்த துணியோடு நின்றுவிட்டது. அங்கோ, கிழிந்த துணியிலிருந்து பிறக்கும் பூத்தையல் போர்வைக்கே அது பெயராயிற்று.

காந்தா என்பது யாது?

உடுத்து உடுத்து மெலிந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லா அடுக்குகளையும் ஊடுருவுமாறு ஓட்டுத்தையல் இட்டு ஒன்றாக்குவதே காந்தா. ஓட்டுத்தையலாவது, ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்திக்கொண்டே போவது. தையல் கற்போர் முதலில் பழகும் 'ரன்னிங் ஸ்டிச்' இதுவே. பழங்காலக் காந்தாக்களுக்கு நூலும் வீட்டிலேயே கிடைத்தது. பழஞ்சேலையின் கரையிலிருந்து சிவப்பும் நீலமும் கருப்புமான இழைகளை உருவி எடுத்துக்கொண்டனர். நெருக்கமாகத் தைத்த இடங்களில் துணி மெல்லச் சுருங்கி, குளத்து நீரில் காற்று ஓடியது போன்ற அலைகள் தோன்றும்.

பயனுக்கேற்ப இதன் பெயர் மாறும். குளிர்காலத்துப் போர்வை 'லேப்'. விருந்தினருக்கும் விழாவுக்கும் விரிப்பது 'சுஜனி'. கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைப்பது 'ஆர்ஷிலதா'. நூல்களைப் பொதிந்து வைக்கவும், தலையணைக்கு உறையாகவும், இஸ்லாமிய இல்லங்களில் தொழுகை விரிப்பாகவும் காந்தாக்கள் உண்டு. நடுவில் தாமரை, நான்கு மூலைகளிலும் மரமோ மாங்காய் வடிவமோ அமைவது பெருவழக்கு. ஜெசூர், ஃபரித்பூர், குல்னா, ராஜ்ஷாஹி, ஜமால்பூர் ஆகிய பகுதிகள் இக்கலைக்குப் பெயர் பெற்றவை. இந்துப் பெண்டிரும் இஸ்லாமியப் பெண்டிரும் ஒருங்கே வளர்த்த கலை இது.

காந்தாவைக் குறிக்கும் பழைய எழுத்துச் சான்றாகக் கிருஷ்ணதாச கவிராஜரின் 'சைதன்ய சரிதாம்ருத'த்தை ஆய்வாளர் காட்டுவர். பழந்துணி தீமையை விலக்கும் என்னும் நம்பிக்கையும் அங்கு உண்டு. பிறந்த குழந்தையைப் பழைய சேலையிலோ வேட்டியிலோ ஏந்தும் நம் வீட்டு வழக்கத்தை இங்கு நினைவுகூரலாம்.

ராஸசுந்தரியின் ஒரு நாள்

காந்தா தைத்த பெண்களின் நாள் எவ்வாறு இருந்தது? அதனை அறிய அருமையான சான்று ஒன்று உண்டு. ராஸசுந்தரி தேவி எழுதிய 'ஆமார் ஜீபன்' (என் வாழ்க்கை) என்னும் நூலே அது. வங்க மொழியில் எழுந்த முதல் தன்வரலாறு என்று போற்றப்படும் இந்நூல் 1876இல் அச்சில் வெளிவந்தது.

1809ஆம் ஆண்டு வாக்கில் பிறந்த ராஸசுந்தரி, 12 வயதில் மணமுடிக்கப்பட்டு ஃபரித்பூர்ப் பகுதியில் ஒரு நிலவுடைமைக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தார். காந்தாவுக்குப் பெயர் பெற்ற பகுதி அது. 18 வயதில் முதற்குழந்தை. 41 வயதில் கடைக்குழந்தை. ஆக 12 பிள்ளைகள். மாமியார் பார்வை இழந்தபின் சமையற்கட்டு முழுவதும் அவர் பொறுப்பாயிற்று. நாள்தோறும் இருவேளை பெருங்கூட்டத்துக்குச் சமைத்து, தெய்வத்துக்குப் படைத்து, விருந்தினரை ஓம்பி, குழந்தைகளைத் தேற்றி முடிப்பதற்குள் தமக்கு உண்ணவும் நேரமின்றிப் போன நாள்களை அவர் எழுதியுள்ளார். உண்ண அமரும்போது ஒரு குழந்தை அழும். அதனைத் தேற்றிவிட்டு வந்தால் மற்றொன்று விழிக்கும். எழுத்தறிவு பெண்ணுக்கு விலக்கு என்றிருந்த அந்நாளில், 'சைதன்ய பாகவத'த்தின் ஏடு ஒன்றை அடுக்களையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிய ஓலையோடு ஒப்பிட்டு எழுத்துகளை அடையாளம் கண்டார். அடுப்புக்கும் கைக்குழந்தைக்கும் இடையே களவாகப் பெற்ற கல்வி அது.

ராஸசுந்தரி காந்தா தைத்தார் என்று காட்டுவதற்காக இதனை நாம் கூறவில்லை. அவர் காட்டும் நாளில் 'ஓய்வு' என்னும் பகுதியே இல்லை என்பதைச் சுட்டவே கூறுகிறோம். செல்வக் குடியில் மணம்புரிந்தவர் நிலையே இதுவெனில், நெல் குத்தியும் சாணம் தட்டியும் வாழ்ந்த குடியானவப் பெண்டிர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. வேலையாட்கள் மிகுந்த இல்லங்களில் நெடுநேரம் அமர்ந்து தைத்தவர்களும் இருந்திருப்பர்; நுண்ணிய காந்தாக்கள் சில அத்தகைய இல்லங்களிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் காந்தா அவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. குளிருக்குப் போர்வை வேண்டாத வீடு எது?

மடித்து வைக்கத்தக்க கலை

விடை, காந்தா தைக்கப்படும் முறையிலேயே இருக்கிறது என்பது நம் கருத்து.

முதலில் துணிகளைத் தேவையான அளவுக்கு இணைத்து, தரையில் அடுக்கடுக்காக விரிப்பர். சுருக்கம் இல்லாதபடி நீவி, ஓரங்களில் கனமான பொருள்களை வைப்பர். நான்கு ஓரங்களையும் தைத்து, நடுவிலும் இரண்டு மூன்று வரிசை நெடுந்தையல் ஓட்டுவர். இவ்வளவுக்கும் இடம் வேண்டும். துணைக்கு ஒருவர் இருப்பின் நன்று. இது முடிந்துவிட்டாலோ, காந்தாவை மடித்து எடுத்துவிடலாம். அடுக்குகள் நழுவமாட்டா. இனி மடியில் ஒரு முழ அளவு விரித்தால் போதும். சட்டம் வேண்டா, மேசை வேண்டா, தனி அறையும் வேண்டா. பால் பொங்கினால் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழலாம். திரும்பி வரும்போது விட்ட இடம் ஊசி நிற்கும் இடமே. அது அரை நாழிகை கழித்தாயினும் ஆகுக, அரை ஆண்டு கழித்தாயினும் ஆகுக.

ஓட்டுத்தையலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதனை எங்கும் நிறுத்தலாம். நிறுத்தியதால் எதுவும் கெடாது. பின்னற்கலை சிலவற்றில் கண்ணி நழுவினால் வரிசை முழுவதும் அவிழ்ந்துவிடும். இங்கு அந்த அச்சமில்லை. பகலுணவு முடிந்து மாலை அடுப்பு மூட்டும் வரையுள்ள சிறுபொழுதும், வெளிவேலை குறையும் மழைக்கால நாள்களும் காந்தாவுக்கு உரியனவாயின. ஒன்றை முடிக்கப் பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் சென்றன. பாட்டி தொடங்கியதைப் பேத்தி முடித்ததும் உண்டு.

இதற்கு மாறான ஒன்றையும் காண்போம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வங்காளத்தின் சாத்காவ் துறைமுகப் பெயரால் அறியப்பட்ட பூத்தையல் விரிப்புகள் போர்ச்சுக்கீசியர் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றன. பருத்தித் துணியில் மஞ்சள் நிறக் காட்டுப்பட்டு நூல் கொண்டு செய்தவை அவை. ஏற்றுமதிக்கென, கேட்டவர் விருப்பத்துக்கேற்பச் செய்து கொடுத்த தொழில் அது. அங்கு நேரம் கூலிக்குரியது. வீட்டுக் காந்தாவுக்கோ வாங்குவோரும் இல்லை, கெடுவும் இல்லை. துண்டு துண்டாகக் கிடைத்த நேரத்துக்கு ஏற்ப உருவம் கொண்டது அக்கலை. கந்தைகளை இணைத்தது போலவே பொழுதின் துணுக்குகளையும் அப்பெண்கள் இணைத்தனர்.

இம்முறையை முதன்முதல் படித்தறிந்தபோது நாம் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். நம் தாயார் பழஞ்சேலைகளை மடித்துத் தைத்து விரிப்புகள் செய்வார். பூவேலை எதுவும் இராது. நேர்நேராகத் தையல் ஓடும், அவ்வளவே. அரிசிப் பானைக்குப் பின்னால் சுருட்டி வைத்த துணியும், அதில் குத்தி நிற்கும் ஊசியும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. ஒருநாள் உறவினர் ஒருவர், "இதெல்லாம் எப்போது தைத்தது?" என்று வினவ, "அம்மா சும்மா இருக்கும்போது தைப்பாள்" என்று முந்திக்கொண்டு விடை சொன்னவர் நாமே. தாயார் மறுத்துரைக்கவில்லை. அவர் சும்மா இருந்து நாம் கண்டதில்லை என்பது அன்று நமக்குத் தோன்றவுமில்லை.

1929: இரண்டு நூல்கள்

இலக்கிய மாணவர் கருதத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. 1929இல் இங்கிலாந்தில் வர்ஜீனியா வூல்ஃபின் 'தனக்கென ஓர் அறை' வெளிவந்தது. எழுத விழையும் பெண்ணுக்குப் பணமும் பூட்டத்தக்க அறையும் வேண்டும் என்று வாதிட்ட நூல் அது. பொது அறையில் இடையூறுகளுக்கு நடுவே எழுதிய ஜேன் ஆஸ்டினைப் பற்றியும் அதில் பேசப்படுகிறது. அதே 1929இல் வங்காளத்தில் ஜசீமுத்தீன் எழுதிய 'நக்ஷி காந்தார் மாட்' (பூத்தையல் காந்தாவின் வயல்) என்னும் கதைப்பாடல் வெளிவந்தது.

ரூபாய் என்னும் உழவனும் ஸாஜு என்னும் பெண்ணும் மணந்து வாழ்கின்றனர். வயலில் எழுந்த கலவத்தால் ரூபாய் ஊரைவிட்டு ஓட நேர்கிறது. தனித்துவிடப்பட்ட ஸாஜு தன் வாழ்வை ஒரு காந்தாவில் தைக்கிறாள். தான் இறந்தபின் அதனைத் தன் கல்லறைமேல் விரிக்குமாறு தாயிடம் வேண்டுகிறாள். பின்னொரு நாள், அக்காந்தாவைப் போர்த்தியபடி ஒருவன் கல்லறையருகே இறந்துகிடப்பதை ஊரார் காண்கின்றனர். இப்பாடலை ஈ. எம். மில்ஃபர்ட் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1939இல் அது வெளிவந்தது.

வூல்ஃப் கேட்ட அறை ஸாஜுவுக்கு இல்லை. அறையில்லாதவளுக்கும் இயன்ற எழுத்து எதுவென்று ஜசீமுத்தீன் காட்டினார் எனலாம். ஆயினும் இதனைக் கொண்டு, பெண்களுக்கு அறை வேண்டா, ஊசி போதும் என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. ராஸசுந்தரி ஊசியோடு அமையவில்லை, எழுத்தையும் விழைந்தார். இல்லாமையிலிருந்து ஒரு கலை பிறந்தது என்பதற்காக அவ்வில்லாமையை நாம் வாழ்த்த இயலாது.

அருங்காட்சியகத்தில் காணாதது

ஆட்சிப்பணி அலுவலராக இருந்த குருசதய் தத் (1882–1941), மாவட்டங்களில் பணியாற்றிய காலத்தில் நாட்டுப்புறக் கலைப்பொருள்களோடு காந்தாக்களையும் திரட்டினார். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகம் 1963இல் திறக்கப்பட்டது. அத்தொகுப்பில் மானதாசுந்தரி தாசி என்பவர் தம் தந்தைக்காகச் செய்த சுஜனி புகழ்பெற்றது. தம் பெயரையும் தந்தைக்கு உரியது என்பதையும் நூலாலேயே எழுதியுள்ளார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா க்ராம்ரிஷ் 1939இலேயே காந்தாவைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார். அவர் திரட்டியவை பின்னர் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தை அடைந்தன. 2009இல் அங்கு காந்தாவுக்கெனத் தனிக் கண்காட்சி நிகழ்ந்தது.

இவ்விடங்களில் ஒவ்வொரு காந்தாவுக்கும் நீளமும் அகலமும் காலமும் ஊரும் குறிக்கப்படுகின்றன. எத்தனை பிற்பகல்கள் அதில் அடங்கியுள்ளன என்பதைக் குறிக்க வழியில்லை. தைத்தவர் பெயரும் பெரும்பாலானவற்றில் இல்லை. மானதாசுந்தரி பெயர் நமக்குக் கிடைத்ததற்கு, அவரே அதனைத் தைத்து வைத்ததே காரணம்.

நேரத்துக்கு விலை

1947இல் நாடு பிரிந்தது. காந்தாவுக்குப் பெயர் பெற்ற ஜெசூரும் ஃபரித்பூரும் ஓரிடம், திரட்டி வைத்த கொல்கத்தா வேறிடம் என்றாயின. 1971இல் வங்கதேசம் உருவானபின், போரால் நலிந்த பெண்களுக்கு வருவாய் தேடும் முயற்சிகளில் இத்தையலும் இடம் பெற்றது. பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1978இல் 'ஆரோங்' விற்பனை நிலையத்தைத் தொடங்கியது. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இலும் தக்தீரா பேகத்துக்கு 2024இலும் இக்கலைக்காகப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இன்று விற்பனைக்கு வரும் காந்தாக்களில் பெரும்பாலானவை புதுத்துணியில், வரைந்து கொடுத்த வடிவின்மேல், கூலிக்குத் தைக்கப்படுபவை. இதனைக் கலையின் வீழ்ச்சி என்று வருந்துவோர் உளர். பழங்காந்தாவில் தைப்பவளே வடிவும் முடிவு செய்தாள். இன்று வடிவம் ஒருவரிடம், ஊசி மற்றொருவரிடம். அவ்வருத்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். தைப்பதற்குச் செல்லும் நேரம் கணக்கில் வந்தது அப்போதுதான். கணக்கில் வந்ததால்தான், கிடைக்கும் கூலி போதாது என்று சொல்லவும் இடம் உண்டாயிற்று. 'சும்மா இருக்கும்போது' செய்ததற்கு எவரும் கூலி கேட்க இயலாது அல்லவா?

நம் தாயார் தைத்த விரிப்புகளில் ஒன்று நம்மிடம் இருக்கிறது. விடைத்தாள் திருத்தும் இரவுகளில் முழங்காலின்மேல் போர்த்திக்கொள்வது வழக்கம். ஒரு மூலையில் தையல் சற்றுக் கோணிச் சென்று, பின் நேராகிறது. அவ்விடத்தில் எழுந்து போனவர் எதற்காக எழுந்தார் என்பதை அறிய இனி வழியில்லை. ஒருவேளை நமக்காகவே எழுந்திருக்கலாம். நண்பர்கள் தம் இல்லங்களில் இத்தகைய துணி இருப்பின் அதனை விரித்துப் பார்க்க வேண்டுகிறோம். தைத்தவர் இன்று உடன் இருப்பின், எப்போது தைத்தீர்கள் என்று கேட்டு, அவர் சொல்லும் விடையை இடைமறிக்காமல் கேட்டுக் குறித்து வைப்பது நன்று.